பாக்கும் தியாகராஜரும் ஒரே கேசட்டில்

கான்செப்ட் ஆல்பம் என்றதும் எல்லோரும் கைகாட்டுவது பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' (1967). பாட்டுகள் அபாரம், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்த கான்செப்ட்? கற்பனையான ஒரு பேண்ட் வாசிப்பதாக முதல் பாட்டில் சொல்லிவிட்டு, கடைசிக்கு முந்தின பாட்டில்தான் மறுபடி ஞாபகப்படுத்துகிறார்கள். தன் பாட்டுகளை வேறு எந்த ஆல்பத்தில் போட்டிருந்தாலும் பொருந்தியிருக்கும் என்று ஜான் லெனனே பிற்பாடு சொன்னார்.

ஒரே கருத்தை இன்னும் கறாராகப் பிடித்துக்கொண்ட ஆல்பம் நம்மிடமே இருக்கிறது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?', 1986. பத்தும் வாத்திய இசை. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். பாக் இறந்தது 1750-இல், தியாகராஜர் பிறந்தது 1767-இல். சந்தித்திருக்கவே முடியாத இரண்டு பேரை ஒரே அறையில் உட்காரவைத்தால் என்ன பேசிக்கொள்வார்கள்? இதுதான் கான்செப்ட்.

தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே கதை புரியும். 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா', அடுத்து 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', அடுத்து '...அண்ட் வீ ஹேட் எ டாக்'. தியாகராஜர் அவங்க சபைக்குப் போகிறார், பாக் நம்ம வீட்டுக்கு வருகிறார், அப்புறம் பேச்சு. ஆம்பூர் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் கொடுத்து 60 நிமிஷ கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்கிய தலைமுறை என்னுடையது. ரெண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவே இதில் ஒன்று மட்டும் வந்து விழும். இப்போது அந்த வேலையை ஷஃபிள் பட்டன் செய்கிறது. வரிசை கலைந்தால் இந்த ஆல்பத்தின் பாதி போச்சு.

பாக் வீட்டுக்கு வரும் இசையில் அடியில் ஓடுவது அவருடைய மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் பிரெலூட். பெரும்பாலும் அப்படியே ஓடுகிறது. அதன் மேல் இளையராஜா தன் வரிகளைப் பின்னுகிறார். எங்க தொழிலில் சொன்னால், மூலக் கோடில் கை வைக்காமல் மேலே புது லேயர் போடுவது. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று.

இந்தப் பேச்சுவார்த்தைக்கு மொழிபெயர்ப்பாளர் வயலின்தான், வாசிப்பவர் வி.எஸ். நரசிம்மன். சரியான தேர்வு. ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துத் தோலைப் பாதி பதப்படுத்தி லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். மீதி வேலை அங்கே. வயலின் கதை தலைகீழ். ஐரோப்பாவிலிருந்து முடித்த சரக்காக வந்ததை இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்டார். பிறகு நம்மவர்கள் சம்மணம் போட்டு, தலைப்பகுதியைக் காலில் சாய்த்து, தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றிக் கட்டி, இங்கே மறுபடி பதப்படுத்தினார்கள். தாளில் எழுதிய நொட்டேஷனில் கமகம் முழுசாக அடங்காது. இந்த ஆல்பத்தில் நரசிம்மனின் வில் சுரத்தை நேராகப் பிடித்துவிட்டு, அடுத்த நொடியே அசைக்கும்போது ரெண்டு ஊரும் ஒரே தந்தியில் கேட்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் அடுத்து எஸ்.பி.பி. பல்லவியை எடுக்கப்போகிறார் என்றே தோன்றும். அந்த அளவுக்குப் படத்தின் இடையிசை வாசனை. பேச்சுக்கு அடுத்து வரும் 'டோன்ட் கம்பேர்' என்ற தலைப்பும் எனக்கு ஒப்பவில்லை. ஒப்பிட்டுக் கேட்க வேண்டாம் என்றால் ரெண்டு பேரையும் எதற்கு ஒரே கேசட்டில் வைத்தாராம்?