ஆசிரியர் வரலாறும் மாணவர் வரலாறும்

ஆசிரியரைப் பற்றி மாணவர் எழுதும் நூல் புகழுரையாகவே நின்றுவிடுதல் உண்டு. இவ்வகையில் உ. வே. சாமிநாதையரின் இரு நூல்கள் ஒப்பிட்டு ஆராயத்தக்கன. 1876இல் மறைந்த தம் ஆசிரியரைப் பற்றி அவர் எழுதிய 'ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்' 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. தலைப்பிலேயே அமைந்த 'அவர்கள்' என்னும் உயர்வுச்சொல் நூலின் நோக்கைப் புலப்படுத்துகிறது. மதிப்பீட்டினும் வணக்கமே அதில் மேலோங்கியுள்ளது.

'என் சரித்திரம்' இதனின்று வேறுபடுகிறது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், ஐயர் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் ஆகியவற்றின் பட்டியலைக் கேட்டு வியக்கவில்லை. பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றே வினவினார். ஆசிரியர் கற்பித்தவற்றுக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதை ஐயர் மறைக்கவில்லை. ஆயினும் தம் கூற்றாக அன்றிப் பிறர் வினாவாகவே அதனைப் புலப்படுத்துகிறார்.

ஆசிரியரிடம் பாடங்கேளாத சீவகசிந்தாமணியை அவர் 1887இல் பதிப்பித்தார். சுவடிகளில் புள்ளியில்லை, அடிபிரிப்பும் இல்லை. அவற்றினின்று செய்யுளைப் பிரித்துணர்தற்குப் பிள்ளையிடம் பெற்ற யாப்புப் பயிற்சியே துணைநின்றது எனக் கருதலாம். எனவே ஆசிரியரின் செல்வாக்கைக் கற்பித்த நூல்களின் தொகையால் அளத்தல் பொருந்தாது; கற்பிக்காத நூலையும் கற்கச்செய்த திறனால் அளத்தலே பொருந்தும். இவ்வுண்மை முதல் நூலில் மட்டும் கிட்டுவதன்று. இரண்டையும் சேர்த்துக் கற்போர்க்கே புலனாகும்.