லாகைப் பாருங்கள் என்கிறது, லாகைத்தான் காட்ட மாட்டேன் என்கிறது

டிவியில் படம் பார்க்க கோடி என்ற மீடியா பிளேயரை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சின்னப் பெட்டி நல்ல பழக்கம். ஒரு வீடியோவைத் தட்டுகிறோம். வட்டம் சுற்றுகிறது, நிற்கிறது. திரையின் வலது மேல் மூலையில் அந்தப் பெட்டி எட்டிப் பார்க்கிறது: இந்த ஆட்-ஆனில் பிழை, விவரத்துக்கு லாகைப் பாருங்கள். கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் மறைந்தும் விடுகிறது. சரி, பார்த்துவிடலாம் என்று மெனுவுக்குள் போனால் அங்கே லாகை, அதாவது நடந்ததைக் கோடி எழுதி வைக்கும் பதிவுக் கோப்பை, திறக்க ஒரு பட்டன் கூடக் கிடையாது. ‘ஈவென்ட் லாக்’ என்று ஒன்று உண்டு. எந்த ஆட்-ஆன் எப்போது அப்டேட் ஆனது என்று அது சொல்லும். படம் ஏன் ஓடவில்லை என்று சொல்லாது. 2002-ல் எக்ஸ்பாக்ஸுக்காகப் பிறந்து, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-ல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டு, 21-ம் பதிப்பான ஒமேகா வரை வந்துவிட்ட மென்பொருள் இது. இத்தனை காலத்தில் அந்த ஒரு பட்டனுக்கு இடம் கிடைக்கவில்லை.

கோடி ஓடும் என் டிவி பெட்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி, அதில் கோடியை ஓட்டுவதற்கென்றே உள்ள லிப்ரெஎலெக் 12 இயங்குதளம். டிவி ரிமோட்டே போதும். சொந்த ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் படங்களைப் பார்க்க இதை மிஞ்ச ஆளில்லை. அந்த வேலையில் பல மாதமாக ஒரு குறையும் வைக்கவில்லை. தகராறு எல்லாம் ஸ்ட்ரீமிங் ஆட்-ஆன்களில்தான்.

லாக் எங்கே இருக்கிறது என்றால், ‘டெம்ப்’ என்ற போல்டருக்குள். ஆண்ட்ராய்டு பெட்டியில் ‘ஆண்ட்ராய்டு/டேட்டா’வுக்குள் பல படி இறங்க வேண்டும்; ஆண்ட்ராய்டு 11-லிருந்து அந்த போல்டரையே பெரும்பாலான ஃபைல் மேனேஜர்கள் திறக்க முடியாமல் பூட்டிவிட்டார்கள். லிப்ரெஎலெக்கில் விஷயம் கொஞ்சம் மேல். கம்ப்யூட்டரில் நெட்வொர்க்கைத் திறந்து, பெட்டியின் பெயரைத் தட்டினால் ‘லாக்ஃபைல்ஸ்’ என்று ஒரு போல்டர் தெரியும். அதைத் திறந்ததும் எல்லா லாகுகளையும் ஒரு ஜிப்பாகக் கட்டி வைத்துவிடும். டிவியிலேயே பார்க்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு லாக் வியூவர் ஆட்-ஆன் இருக்கிறது. பிழையைப் படிக்க இன்னொரு ஆட்-ஆன் போட வேண்டும் என்பது கோடிக்கே உரிய நியாயம்.

இதில் ஒரு கண்டம் உண்டு. கோடி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புது லாக் எழுத ஆரம்பிக்கும். அதற்கு முந்தையதை மட்டும் ‘ஓல்டு’ என்று எடுத்து வைக்கும். அதற்கும் முந்தையது காலி. படம் நின்றால் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? அம்மா போர்டில் ஸ்விட்சை அணைத்துப் போடுவார். சரியாகவில்லையா, இன்னொரு தடவை அணைத்துப் போடுவார். பிறகு, “நீயே வந்து பாரு, எனக்கு இது சரிப்பட்டு வராது” என்று கூப்பிடுவார். நான் போய்ச் சேரும்போது தடயம் துடைக்கப்பட்டிருக்கும்.

லாக் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் வரியிலிருந்து படிக்கப் போகாதீர்கள், தலை சுற்றும். ‘எர்ரர்’ என்று தேடுங்கள். பைத்தான் பிழை என்றால் பத்துப் பதினைந்து வரி கொட்டியிருக்கும். அதில் கடைசி வரிதான் சேதி. ‘மாட்யூல்’ கிடைக்கவில்லை என்றால் ஆட்-ஆனுக்குத் துணையாக வர வேண்டிய ஏதோ ஒன்று வந்து சேரவில்லை. 403 என்றால் அந்தப் பக்கத்து சர்வர் கதவைச் சாத்திவிட்டது. நீங்கள் எத்தனை முறை அழித்து நிறுவினாலும் திறக்காது, ஆட்-ஆன் எழுதியவர்தான் பார்க்க வேண்டும். 2021-ல் 19-ம் பதிப்பு பைத்தான் 2-ஐக் கைவிட்டு 3-க்கு மாறியபோது, பராமரிக்க ஆளில்லாத பழைய ஆட்-ஆன்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. இன்றும் யாரோ சொன்னார்கள் என்று அவற்றை நிறுவப் பார்த்து ஏமாறுபவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பிழை ‘சர்டிஃபிகேட் செல்லாது’ என்பது. ஒரு நாள் காலையில் கரண்ட் போய் வந்தது. அதற்குப் பிறகு ஒரு ஆட்-ஆனும் ஓடவில்லை. போனில் நெட் நன்றாக வருகிறது. லாகைத் திறந்தால், பிழைகளைப் படிப்பதற்கு முன்பே வரிகளின் ஓரத்தில் இருந்த தேதி கண்ணில் பட்டது: போன மாதத் தேதி. பை 4-ல் கடிகார பேட்டரி கிடையாது. ஒவ்வொரு முறை எழும்போதும் நெட்டிடம்தான் மணி கேட்டுக்கொள்ளும். கரண்ட் வந்ததும் பை சில நொடிகளில் எழுந்துவிடுகிறது. ரவுட்டர் சாவகாசமாக எழுகிறது. மணி கேட்க ஆள் இல்லாமல் பழைய தேதியிலேயே கோடி தொடங்கிவிட்டால், அந்தத் தேதிக்குப் பிறகு வழங்கிய சர்டிஃபிகேட் எதுவும் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் அவற்றை நம்பியிருக்கும் பாதுகாப்பான இணைப்புகள் நிற்காது. லிப்ரெஎலெக் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால், கோடியைத் தொடங்கும் முன் நெட்டுக்காகக் காத்திரு என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கி, காத்திருக்கும் நொடிகளைக் கூட்டி வையுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் ஊர்க்காரர்கள் இதை முதல் நாளே செய்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் எனக்கு இதன் மேல் கோபம் போய்விடுகிறது. டிவியோடு வரும் ஆப்கள் மக்கர் பண்ணினால் ‘ஏதோ கோளாறு, சற்று நேரம் கழித்து முயலவும்’ என்பதோடு கைகழுவிவிடும். கோடி காரணத்தை எழுதி வைக்கிறது. ஒளித்து வைக்கிறது என்பது வேறு விஷயம்.

யூடியூப் ஆட்-ஆன் தனிக் கதை. முன்பு நிறுவியதும் ஓடும். உலகம் முழுக்க எல்லோரும் ஆட்-ஆனின் ஒரே அனுமதிச் சாவியைப் பகிர்ந்துகொண்டதில் தினசரி ஒதுக்கீடு தீர்ந்துபோய், இப்போது ஒழுங்காக ஓட வேண்டுமென்றால் அவரவர் கூகுள் கிளவுடில் கணக்குத் திறந்து சொந்தமாக ஏபிஐ சாவி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காசு இல்லை, பொறுமைதான் செலவு. வழக்கமாகக் கிடைக்கும் ஒதுக்கீடு நாளுக்கு 10,000 யூனிட். ஒரு தேடலுக்கு 100 யூனிட் போகும். வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். ஒருவேளை தீர்ந்துவிட்டால் பசிபிக் நேரப்படி நள்ளிரவில்தான் மறுபடி நிரம்பும், அதாவது நமக்குப் பகல் 12.30 அல்லது 1.30 மணிக்கு. 39 எழுத்துச் சாவியை ரிமோட்டின் அம்புக்குறியால் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டாதீர்கள். ஆட்-ஆன் அமைப்புகளில் ஏபிஐ பக்கம் ஒன்று உண்டு. அதை இயக்கினால் அதே வைஃபையில் இருக்கும் போனிலிருந்து ஒட்டிவிடலாம்.

லாகிலும் சிக்காத கோளாறு ஒன்று இருக்கிறது. வீடியோ ஓடுகிறது, பாட்டு சரியாகக் கேட்கிறது, படம் மட்டும் வெட்டி வெட்டி வருகிறது. உடனே நெட்காரருக்கு போன் போடுவோம். அவர் மேல் தப்பில்லை. நெட் மந்தமென்றால் படமும் ஒலியும் சேர்ந்து நிற்கும், நடுவில் வட்டம் வரும். படம் மட்டும் தடுக்கினால் பெட்டிக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். பை 4-ன் சிப்பில் எச்.264-க்கும் ஹெச்இவிசிக்கும் ஹார்டுவேர் வசதி உண்டு. விபி9-க்கும் ஏவி1-க்கும் கிடையாது. யூடியூபோ 1080-க்கு மேல் போனால் இந்த இரண்டில்தான் அனுப்பும். ஒரு கீபோர்டைச் செருகி, படம் ஓடும்போது ‘ஓ’ எழுத்தைத் தட்டுங்கள். டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் ‘எஸ்டபிள்யூ’ என்று இருந்தால் மொத்தச் சுமையும் பிராசசர் தலையில். ஆட்-ஆன் அமைப்பில் விபி9, ஏவி1 இரண்டையும் எடுத்துவிட்டு 1080-ல் நிறுத்துங்கள். அடுத்து வந்த பை 5-ல் எச்.264 ஹார்டுவேரையும் தூக்கிவிட்டார்கள். ஆனால் அதன் பிராசசருக்கு 1080-ஐ மென்பொருளாகவே சமாளிக்கும் தெம்பு இருக்கிறது.

நேற்று வரை ஓடிய ஆட்-ஆன் இன்று படுத்துவிட்டால், அழித்து நிறுவுவதற்கு முன் அதன் விவரப் பக்கத்தில் ‘வெர்ஷன்ஸ்’ பாருங்கள். போன பதிப்பு அங்கேயே இருந்தால் திரும்பிப் போய்விட்டு, ஆட்டோ அப்டேட்டை அந்த ஒன்றுக்கு மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். எந்த டிவி ஆப்பிலும் நான் பார்க்காத சுதந்திரம் இது. அது சரியாகப் பயன்படுவது கோடியின் அதிகாரபூர்வ ரெப்போவில், அதாவது ஆட்-ஆன் கிடங்கில், இருப்பவற்றுக்குத்தான். புதுப் படங்களை ஓசியில் காட்டும் ஆட்-ஆன்களுக்கு வழி கேட்டு எனக்கு எழுதாதீர்கள். கோடி அணியே அவற்றுக்கு உதவுவதில்லை. ஜிப் வழியாக எதையாவது உள்ளே விட்டால் அது பெட்டியில் எதைத் தொடுகிறது என்று உங்களுக்கும் தெரியாது.

காசு கட்டிய ஓடிடி சேவைகளுக்கும் ஆட்-ஆன்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வைட்வைன் என்ற பூட்டுத் திறக்கும் மாட்யூல் தேவை. அதைப் பெற, கோடியின் உதவி ஆட்-ஆன் குரோம்புக்குக்கான சிஸ்டம் இமேஜை இறக்கி, அதற்குள்ளிருந்து ஒரு கோப்பை உருவி எடுத்து வைக்கிறது. முதல் முறை பார்த்தபோது அசந்துபோனேன். எல்லாம் கூடி வந்து படமும் ஓடும். ஆனால் பை-க்குக் கிடைப்பது எல்3 என்ற கடைசித் தரச் சான்றுதான். பல சேவைகள் அதற்குத் தெளிவான படத்தைக் கொடுப்பதில்லை. 4கே சந்தாவைக் கட்டிவிட்டு மங்கலான முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அமைப்பில் எதைத் திருகினாலும் மாறாது. அதற்கு மட்டும் டிவியில் இருக்கும் ஆப்பைத் திறந்துவிடுங்கள்.