குதிரைமாளிகையில் சுவாதித் திருநாளைக் கேட்பது எப்படி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இறங்கி பத்மநாபசுவாமி கோயிலுக்கு நடப்பவர்கள் கோபுரத்தைப் பார்த்தபடியே போய்விடுகிறார்கள். கோயிலுக்குப் பக்கத்திலேயே, ஓட்டுக்கூரையும் மரத்தூண்களுமாக நிற்கும் குதிரைமாளிகைக்கு அதிகம் பேர் நேரம் ஒதுக்குவதில்லை. கர்நாடக இசையில் கொஞ்சமாவது பிடிப்பு உள்ளவர்கள் அப்படிக் கடந்துபோகக் கூடாது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் ராமவர்மா 1840-களில் கட்டிய வீடு இது. சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று பல மொழிகளில் ஏறத்தாழ நானூறு உருப்படிகள் அவர் பெயரில் வழங்குகின்றன. 1813-இல் பிறந்து 1846-இல், முப்பத்து மூன்று வயதில் மறைந்தவர். ஆசையாகக் கட்டிய வீட்டில் அவர் வாழ்ந்தது மிகக் கொஞ்ச காலம். அதன்பின் மாளிகை நெடுங்காலம் பூட்டியே கிடந்தது.

உள்ளே போகும் முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இப்போது அருங்காட்சியகமாக உள்ள இந்த மாளிகை காட்டுவது பெரும்பாலும் அரசரை. பாட்டு இயற்றியவரை அல்ல. தந்தச் சிம்மாசனம், பளிங்குச் சிம்மாசனம், ஆளுயரக் கதகளி உருவங்கள், ஆயுதங்கள், ஓவியங்கள் என்று அறைகள் நிறைந்திருக்கின்றன. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த கிரேஸ்லாண்ட் வீட்டை 1982-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அங்கே போனால் அவர் மேடையில் போட்ட உடைகளும் இசைத்தட்டுகளும் கண்முன்னே இருக்கும். பாடகரைத் தேட வேண்டியதில்லை. இங்கே தேட வேண்டும். பாட்டை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே முதல் வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. புறப்படுவதற்கு முந்தைய வாரம் நாலைந்து உருப்படிகளையாவது நிதானமாகக் கேளுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய ‘பாவயாமி ரகுராமம்’ பலருக்கும் தெரிந்ததுதான். குறிஞ்சியில் ‘அளிவேணி’ என்ற மலையாளப் பதம், நாட்டிய மேடைகளில் ஓயாமல் ஒலிக்கும் தனஸ்ரீ தில்லானா, நவராத்திரிக் கீர்த்தனங்களில் பந்துவராளி ‘சரோருஹாசன’ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது முத்திரையை, அதாவது இயற்றியவர் பாட்டில் வைக்கும் அடையாளச் சொல்லை, கவனியுங்கள். தியாகராஜர் தம் பெயரையே வைத்தார். இவர் தம் பெயரை வைக்கவில்லை. பத்மநாபன், பங்கஜநாபன், சரசிஜநாபன், ஜலஜநாபன் என்று கோயிலில் பள்ளிகொண்டவனின் பெயரைத்தான் விதவிதமாக மாற்றி வைக்கிறார். 1750-இல் இவருக்கு முன் திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவனுடைய தாசனாக இருந்து ஆண்டார். பின்வந்த அரசர்களும் அந்த வழியிலேயே பத்மநாபதாசர்கள் ஆனார்கள். அந்த அரசியல் ஏற்பாடு பாட்டில் கையெழுத்தாகவே மாறியிருப்பதை இந்த முத்திரையில் கேட்கலாம்.

இதைக் காதில் வாங்கிக்கொண்டு போனால், மாளிகையில் எங்கே நிற்க வேண்டும் என்பது தானாகப் புரியும். கோயில் தெரியும் இடங்களில் நில்லுங்கள். மாடியில் கோபுரத்தைப் பார்த்தபடி இருக்கும் ஓர் இடத்தைக் காட்டி, மன்னர் இங்கே அமர்ந்துதான் பாடல்கள் இயற்றினார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அதற்குச் சான்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். பார்வை மட்டும் உண்மை. நம்மாழ்வார் பாசுரம் பாடிய திருத்தலம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்து நாள் உற்சவம் அங்கேதான் நடக்கிறது. அந்த உற்சவத்தை, எந்த நாள் எந்த வாகனம் என்பது உட்பட, அவர் ‘உற்சவப் பிரபந்தம்’ என்ற பெயரில் பாட்டாகவே எழுதி வைத்தார். பாடல்களில் வரும் தெருவும் வாகனமும் கூட்டமும் கற்பனையில் பிறந்தவை அல்ல, கண்முன்னே நடந்தவை என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைக்கும். எனக்கு இந்த மாளிகையிலேயே விலைமதிப்பற்றதாகத் தோன்றுவது சிம்மாசனங்கள் அல்ல, இந்தப் பார்வைதான்.

குதிரைகளையும் பாருங்கள், பெயரே அவற்றால் வந்தது. தெற்குப் பக்கக் கூரையின் கீழே மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசையாகப் பாய்கின்றன. உள்ளே இருந்தபடி தேடினால் அகப்படாது. வெளியே வந்து தள்ளி நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

தமிழ் வாசகர்கள் கூடுதலாகத் தேட வேண்டிய ஒருவர் இங்கே உண்டு: தஞ்சை வடிவேலு. பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரில் இளையவர். முத்துசுவாமி தீட்சிதரிடம் பாடம் கேட்டவர். சுவாதித் திருநாள் அவைக்கு வந்து, வர்ணங்களிலும் நாட்டிய உருப்படிகளிலும் மன்னரோடு சேர்ந்து உழைத்தார். மோகினியாட்டம் இன்று நாம் காணும் மேடை ஒழுங்கைப் பெற்றதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1834-இல் மன்னர் இவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். தியாகராஜரின் சீடர் கன்னையா பாகவதரும் இந்த அவைக்கு வந்தார். தஞ்சாவூரிலிருந்து வந்த மேருசுவாமி மன்னருக்கே ஆசானாக இருந்தார். மலையாள நாட்டு அரண்மனை என்று நினைத்து உள்ளே போகிறோம். காவிரிக்கரையின் இசை இங்கே குடியேறி, இந்துஸ்தானிப் பாட்டோடும் கேரளக் கோயில்களின் சோபான சங்கீதத்தோடும் பழகிய வீடு இது.

ஒரு விவாதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று கச்சேரிகளில் ஒலிக்கும் பல சுவாதித் திருநாள் உருப்படிகளின் மெட்டு, இருபதாம் நூற்றாண்டில் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாசய்யரும் செப்பனிட்டோ புதிதாக அமைத்தோ கொடுத்தது. சாவேரியில் இருந்த ‘பாவயாமி ரகுராமம்’ ராகமாலிகை ஆனது செம்மங்குடியால். அரண்மனையின் ஆதரவில் 1939-இல் தொடங்கிய இசைப்பள்ளிதான் இன்று மன்னர் பெயரிலேயே கல்லூரியாக நகரில் இருக்கிறது. இருவரும் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள். 1980-களில் வீணை எஸ். பாலசந்தர் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தப் பாடல்கள் மன்னருடையவைதானா என்றே கேட்டார். கடும் சண்டை நடந்தது. என் எண்ணம் இது: மெட்டின் பெருமையில் பாதியை மறுவாழ்வு கொடுத்தவர்களுக்குத் தயங்காமல் கொடுத்துவிடலாம். ஆனால் சாகித்தியத்தில் கிடக்கும் பக்தி இந்த வீட்டு மாடியிலிருந்து தெரியும் கோயிலோடு பிரிக்க முடியாதபடி கட்டுண்டிருக்கிறது. போய்ப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை விடுமுறை. மதியம் அடைத்துவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்க முடியாது. வெளியே பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே ‘மேத்தன் மணி’ என்ற பழைய கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் தாடிக்காரர் முகம் வாயைத் திறக்க, இரண்டு ஆடுகள் இருபுறமும் வந்து கன்னத்தில் முட்டும். வானாய்வுக்கூடமும் அமைத்த இதே சுவாதித் திருநாளின் காலத்தது. பிள்ளைகளோடு போனால் மணி அடிக்கும் நேரம் பார்த்து நில்லுங்கள்.

இந்த வீட்டைப் பாட்டோடு சேர்த்துப் பார்க்க ஆண்டில் இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஜனவரி 6 முதல் 12 வரை மாளிகை முற்றத்தில் சுவாதி சங்கீதோற்சவம் நடக்கும். அவருடைய உருப்படிகளை மட்டுமே பாடுவார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. மற்றது, பக்கத்திலேயே உள்ள நவராத்திரி மண்டபம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக வந்து சேர்ந்த பிறகு அங்கே ஒன்பது மாலைகள் கச்சேரி. அந்தச் சரஸ்வதி கம்பர் பூசித்த விக்கிரகம் என்பது ஐதீகம். எண்ணெய் விளக்கொளிதான், கைதட்டல் கிடையாது. ராக ஆலாபனையை அடுத்துப் பாடும் தானத்துக்கு மிருதங்கமும் சேர்ந்து வாசிப்பது இந்த மண்டபத்து வழக்கம். பெண்கள் அங்கே பாடுவதற்கு இருந்த நெடுநாள் தடை 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் பாடியபோதுதான் நீங்கியது. இவ்வளவு தாமதமாக நீங்கியது வருத்தமே.

நவராத்திரிக் கச்சேரியில் ஒவ்வொரு மாலைக்கும் ஒரு ராகம் என்பதால், எந்த நாள் போவது என்பதை ராகம் பார்த்தே முடிவு செய்யலாம், வரிசை மாறாது. சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபி. ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால் நான் தோடி பாடும் நான்காம் நாளைச் சொல்வேன். ஆண்கள் வேட்டியோடு, ஆறு மணிக்கு முன்பே போய் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.