குதிரைத்திறன் மட்டும் போதுமா?
பழைய காரை நேரோட்டப் பந்தயத்துக்கு மாற்றுவது பற்றி ஒரு திறனாய்வு

கணபதியிலும் பீளமேட்டிலும் ஆவாரம்பாளையத்திலும் லேத் ஓடும் ஓசை கேட்காத தெருக்கள் குறைவு. பம்பும் மோட்டாரும் செய்து பழகிய இந்த ஊர்க்காரர்கள், ஒரு பழைய பிரீமியர் பத்மினியோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ கைக்கு வந்தால் அதைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். இது போற்றத்தக்க இயல்பே. ஆனால் இந்த ஆர்வம் சிலரிடம் ஒரு தனித் திசையில் செல்கிறது. வாரத்தில் ஆறு நாள் அலுவலகத்துக்கும் சந்தைக்கும் போகும் அதே காரை, ஏழாம் நாள் நேரோட்டப் பந்தயத்துக்கும் ஏற்றதாக ஆக்கிவிட வேண்டும் என்பதே அது. பட்டறையில் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனை குதிரைத்திறன் ஏறும்?" என்பது. பல நேரங்களில் கடைசிக் கேள்வியும் அதுவே.

இது தவறான கேள்வி என்பதும், அதனால் விளையும் கேடு ஓட்டுபவரோடு நின்றுவிடாது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. இதை நிறுவப் பள்ளி இயற்பியலே போதும்.

பந்தயம் வந்த வழி

டிராக் பந்தயம் எனப்படும் நேரோட்டத்தில் வளைவு கிடையாது. இரண்டு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டு, கால் மைலை, அதாவது 402 மீட்டரை, யார் முதலில் கடக்கிறார் என்று பார்ப்பதே போட்டி. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய கார்களின் எஞ்சின்களைத் திருத்திப் பொதுச் சாலைகளில் ஓட்டி வந்தனர். அவர்களைச் சாலையிலிருந்து விலக்கிப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகும் முயற்சியில்தான் இப்பந்தயம் ஒழுங்கு பெற்றது. 1950-இல் சாண்டா அனா விமான நிலையத்தின் ஓடுதளம் ஒன்றில் நேரோட்டத் தடம் தொடங்கப்பட்டது. 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவி விதிகளை வகுத்தார்.

தமிழ்நாட்டிலும் மோட்டார் பந்தயம் ஓடுதளத்தில்தான் வளர்ந்தது. சென்னையை அடுத்த சோழவரத்தில் போர்க்காலத்தில் அமைந்த விமானத்தளமே பல்லாண்டுகள் பந்தயக் களமாக இருந்தது. பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைந்தது. ஆகவே, தெருவையும் தடத்தையும் பிரித்து வைப்பதே இவ்விளையாட்டின் அடிப்படை. ஒரே காரை இரண்டுக்கும் வைத்துக்கொள்வோர் முதலில் மறப்பது இதைத்தான்.

கனமூலம் சொல்லும் உண்மை

பத்மினியையே எடுத்துக்கொள்வோம். ஃபியட் 1100-இன் வழிவந்த இக்காரின் எஞ்சின் 1089 கன சென்டிமீட்டர். திறன் சுமார் 40 குதிரை, அதாவது 30 கிலோவாட். எடை சுமார் 900 கிலோ. ஓட்டுநரும் பெட்ரோலும் சேர்ந்து 1000 கிலோ என்று கொள்வோம்.

எஞ்சின் தன் முழுத் திறனையும் இடைவிடாமல் சக்கரத்துக்குத் தருகிறது என்று வைத்துக்கொண்டால், அது செய்யும் வேலை திறனையும் நேரத்தையும் பெருக்கிவரும் தொகை. அந்த வேலை முழுவதும் காரின் இயக்க ஆற்றலாகிறது. இயக்க ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே வேகம், நேரத்தின் வர்க்கமூலத்தைப் போல் வளரும். இதிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டால் ஒரு முடிவு கிடைக்கிறது: 402 மீட்டரைக் கடக்கும் நேரம், நிறையைத் திறனால் வகுத்துவரும் ஈவின் கனமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

கனமூலம் என்பதைக் கவனிக்க வேண்டும். சிலிண்டரின் விட்டம் 68 மில்லிமீட்டர். அதைப் போர் போட்டு 69 ஆக்கினால் எஞ்சினின் கொள்ளளவு 3 விழுக்காடு கூடும். திறனும் அதே அளவு கூடுவதாகவே கொள்வோம். நேரத்தில் குறைவது 1 விழுக்காடு; ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்டியரிங் தண்டிலுள்ள கியர் கம்பியைச் சற்றுத் தடுமாறி மாற்றினாலே அந்த ஆதாயம் போய்விடும்.

பெரிய எஞ்சினைப் பொருத்தித் திறனை இரட்டிப்பாக்குவோர் உண்டு. அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

இயல்பான கார் (1000 கிலோ, 40 குதிரை): 18.2 வினாடி, முடிவில் மணிக்கு 119 கிலோமீட்டர், இயக்க ஆற்றல் 547 கிலோஜூல்.

திறன் இரட்டித்த கார் (1000 கிலோ, 80 குதிரை): 14.5 வினாடி, மணிக்கு 150 கிலோமீட்டர், 868 கிலோஜூல்.

காற்றின் தடை, கியர் மாற்றும் இடைவெளி, டயரின் வழுக்கல் ஆகியவற்றை விட்டுவிட்டதால் மெய்யான நேரம் இதைவிடக் கூடும், வேகம் குறையும். ஒப்பிடுவதற்கு இது போதும். நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் நிறுத்தும்போது பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் ஐந்தில் மூன்று பங்கு கூடிவிட்டது. குதிரைத்திறனை மட்டும் கேட்பவர் இந்த இரண்டாவது கணக்கைக் கேட்பதில்லை.

டயர் ஒப்புக்கொள்ளும் அளவு

எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் சாலையைப் பற்றித் தள்ளுவது டயர்தான். பத்மினியை உந்துவன பின்சக்கரங்கள். எடையில் பாதி அவற்றின்மேல் இருக்கிறது, உராய்வுக் கெழு 0.8 என்று கொண்டால், டயர் தரக்கூடிய தள்ளுவிசை சுமார் 4000 நியூட்டன். புறப்படும்போது எடை பின்னோக்கிச் சாய்வதால் இது ஓரளவு கூடலாம், அவ்வளவே.

இயல்பான எஞ்சினின் 30 கிலோவாட்டை டயர் முழுதாக ஏற்கத் தொடங்குவது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில். 60 கிலோவாட்டை ஏற்கத் தொடங்குவதோ 54 கிலோமீட்டரில். அதாவது புறப்பாட்டிலிருந்து அந்த வேகம் வரையில், கூடுதலாகச் சேர்த்த திறனில் பெரும்பங்கு பயன்படாது. மிதித்தால் ரப்பர் கருகிப் புகையாகும். காந்திபுரத்து நெரிசலில் நாள்தோறும் ஓடும் கார் எத்தனை முறை 54 கிலோமீட்டரைத் தாண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்குப் பரிகாரமாகப் பந்தய டயர் போடலாம் என்பார்கள். பந்தய டயரின் மென்மையான ரப்பர் காய்ந்த தடத்தை நன்றாகப் பற்றும். ஆனால் பள்ளமில்லாத அதன் வழவழப்பான பரப்பு மழைநீரை வெளியே தள்ளாது. ஐப்பசி மழையில் டயருக்கும் தாருக்கும் இடையே நீர்ப்படலம் நின்றால் உராய்வு ஏறக்குறைய இல்லாமற்போகும். தடத்தில் வெற்றி தரும் பொருளே தெருவில் ஆபத்தாகிறது.

எஞ்சினின் உள்ளும் இதே முரண்பாடுதான். வேகமான சுழற்சியில் சிலிண்டர் நன்கு நிரம்ப வேண்டுமானால், வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்ட் தேவை. ஆனால் தாழ்ந்த சுழற்சியில் அதுவே புதுக்கலவையை எரிந்த வாயுவோடு கலக்கவிட்டு இழுவையைக் குறைக்கிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடாமல் தள்ளாடும், பெட்ரோல் வீணாகும். நகரத்துக் கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தாழ்ந்த சுழற்சியில்தான் கழிக்கிறது.

குன்னூர் இறங்கிய பிரேக் தாங்காதா?

"இதே பிரேக்கில் எத்தனையோ முறை குன்னூர் மலை இறங்கியிருக்கிறோமே!" என்பது வழக்கமான மறுமொழி. கேட்கத் தகுந்த கேள்வி. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு சுமார் 1500 மீட்டர். 1000 கிலோ கார் அங்கிருந்து இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் சுமார் 14,700 கிலோஜூல். நாம் மேலே கண்ட 868 கிலோஜூலைவிட இது பதினேழு மடங்கு.

ஆனால் மலையிறக்கம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடக்கிறது. சராசரியாக வினாடிக்கு 4 கிலோஜூல். அதிலும் தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சினே நல்ல பங்கைத் தாங்கிக்கொள்கிறது. மீதி வெப்பத்தைக் காற்று கொண்டுபோகிறது. மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் கார் வினாடிக்கு 6 மீட்டர் வீதம் வேகமிழந்து நிற்க 7 வினாடியும் 145 மீட்டரும் ஆகும். அந்த 7 வினாடியில் பிரேக் வெப்பமாக்கும் வீதம் 124 கிலோவாட். குதிரைக் கணக்கில் 160-க்கு மேல். எஞ்சின் 80 குதிரை என்றால், பிரேக் அதைப்போல் இருமடங்கு வலிமையுடையதாக இருக்கவேண்டும். காற்று உதவிக்கு வர நேரமில்லை. வெப்பம் முழுவதும் இரும்பிலேயே தங்கும்.

பழைய பத்மினியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்கள் சேர்ந்து 20 கிலோ என்று கொண்டால், ஒரே நிறுத்தத்தில் சராசரியாக 90 பாகை வெப்பம் ஏறும். லைனிங் உராயும் பரப்பில் இன்னும் மிகுதி. ஆறவிடாமல் மறுமுறை நிறுத்தினால் இரட்டிப்பாகும். சூடேறிய டிரம் விரிந்து பிரேக் ஷூவை விட்டு விலகும். மிதி கீழே போகும். லைனிங்கின் பிடிப்புக் குறையும். பல நாள் மாற்றாத பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்துக் குமிழியிடும். பிறகு மிதித்தும் பயனில்லை. இவை மூன்றும் ஒரே நேரத்தில் நேரக்கூடும்.

முறையான தடத்தில் முடிவுக்கோட்டுக்கு அப்பால் நீண்ட வெற்றிடம் விட்டிருப்பார்கள். அப்படியும் 2008 ஜூனில் நியூஜெர்சியில் ஸ்காட் கலிட்டா என்ற தேர்ந்த பந்தய வீரர் தடத்தின் முடிவில் உயிரிழந்தார். அடுத்த மாதமே மிகவிரைவு வண்டிகளுக்கான தூரம் 402 மீட்டரிலிருந்து 305 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நிறுத்துவதற்கு இடம் போதவில்லை என்று அரைநூற்றாண்டு அனுபவமுள்ள சங்கமே ஒப்புக்கொண்ட செய்தி இது. அவிநாசி சாலையில் 2025-இல் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் வெற்றிடம் எங்கே இருக்கிறது? முன்னால் செல்லும் ஸ்கூட்டர்தான் இருக்கிறது.

கரிவரதன் காட்டிய வழி

இதையெல்லாம் சொல்வது ஆர்வத்தை அணைப்பதற்காக அன்று. வேறு வழி இதே ஊரில் முன்பே காட்டப்பட்டிருக்கிறது. கோவைத் தொழிலதிபரும் பந்தய வீரருமான எஸ். கரிவரதன், 1980களின் இறுதியில் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். தெருக்காரை மாற்றாமல், தெருக்காரின் எஞ்சினைக் கொண்டு பந்தயத்துக்கென்றே ஒரு வண்டி செய்ததில்தான் அவருடைய தெளிவு விளங்குகிறது. விலை குறைந்த அத்தகைய கார்களில் இளைஞர் பலர் பயின்றனர். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயனும் அந்த வழியில் வந்தவரே. 1995-இல் கரிவரதன் வான்விபத்தொன்றில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த வழியின் சிறப்பை நம் கணக்காலேயே காணலாம். திறனைக் கூட்டாமல், அதே 40 குதிரையை 500 கிலோ வண்டியில் வைத்ததாகக் கொள்வோம். நேரம் அதே 14.5 வினாடி, வேகமும் அதே 150 கிலோமீட்டர். ஆனால் இயக்க ஆற்றல் 434 கிலோஜூல் மட்டுமே. இரட்டைத் திறன் காரில் பாதி. இயல்பான பத்மினியைவிடவும் குறைவு. எஞ்சினைப் பெருக்கினால் பிரேக்கின் சுமை ஏறுகிறது. எடையைக் குறைத்தால் சுமை இறங்குகிறது. ஒரே வெற்றிக்கு இரண்டு வழி. ஒன்றில் ஆபத்து கூடுகிறது, மற்றதில் குறைகிறது.

குடும்பத்தோடு செல்லும் காரில் பின் இருக்கையையும் ஸ்டெப்னியையும் கழற்றி எறிய முடியாது. ஆகவே இந்த நல்ல வழி தினக் காருக்கு மூடியிருக்கிறது. எஞ்சியிருப்பது குதிரைத்திறனைக் கூட்டும் வழி ஒன்றே. இரண்டு வேலைக்கும் ஒரே கார் என்ற எண்ணத்தின் அடிப்படைக் குறை இதுதான்.

சட்டமும் இதற்கு இடந்தருவதில்லை. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பொதுச் சாலையில் அனுமதியற்ற பந்தயம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். அபராதத்துக்கு அஞ்சிச் சட்டத்தை மதிப்பதைவிட, அதன் பின்னாலுள்ள இயற்பியலை அறிந்து மதிப்பது மேல்.

பழைய காரை வைத்திருப்பவர் செய்யத்தக்கது நிறைய உண்டு. லைனிங், டிரம், பிரேக் குழாய், ஆயில் ஆகியவற்றைப் புதிதாக்கலாம். தரமான டயர் போடலாம். இருக்கைப் பட்டை பொருத்தலாம். கார்புரேட்டரையும் இக்னிஷனையும் செம்மைப்படுத்தி, தேய்மானத்தால் இழந்த 40 குதிரையை மீட்கலாம். பந்தய ஆசை உள்ளவர்கள் நால்வராய்ச் சேர்ந்து, சாலைக்கு வராத இலேசான வண்டியொன்றைச் செய்து, அதை ஏற்றிக்கொண்டுபோய்த் தடத்தில் மட்டும் ஓட்டலாம். லேத்தும் வார்ப்படமும் அறிந்த நம் இளைஞர்களுக்கு அது எட்டாத வேலையன்று.

பட்டறைக்குப் போகும்போது கேள்வியையும் மாற்றிக்கொள்ள வேண்டும். "எத்தனை குதிரை ஏறும்?" என்பதற்கு முன், "எத்தனை மீட்டரில் நிற்கும்?" என்று கேளுங்கள். அதற்கு எண்ணால் விடை சொல்லத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் சாவியைக் கொடுங்கள்.