ஏற்காட்டுக்கு எந்த எஸ்எம்பிஎஸ்?

டெஸ்க்டாப்பில் புது கிராபிக்ஸ் கார்டு போட நினைப்பவர் சேலத்துக் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் போடணும்?" என்பதைத்தான். அதற்கு விடை காண்பது சுலபம். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் எடுக்கும். ஐ5-12400 பிராசஸர் உச்சத்தில் 117 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்ந்து இன்னொரு ஐம்பது, அறுபது. மொத்தம் 300 வாட்டுக்குள் அடங்கிவிடும். என்விடியாவே இந்தக் கார்டுக்கு 550 வாட் போதும் என்கிறது; அதிலேயே தாராளமாக மிச்சம் இருக்கிறது. ஆனால் ஏற்காட்டில் ஓடப்போகும் கணினிக்கு இந்தக் கணக்கு பாதிக் கணக்குதான். எஸ்எம்பிஎஸ் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு முன்னால், சுவரிலிருந்து வரும் மின்சாரம் எவ்வளவு கெட்டுப்போகும்வரை அது தாங்கும் என்பதைப் பார்க்க வேண்டும். விமர்சனங்கள் பெரும்பாலும் வெளியீட்டுப் பக்கத்தையே பேசுகின்றன. மலைக்கு வாங்குகிறவர் உள்ளீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குவதே சரி.

சேர்வராயன் மலையில் மின்கம்பி எப்படிப் போகிறது என்று பார்த்தாலே காரணம் புரியும். நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடைப் பக்கம் காபித் தோட்டங்களுக்கு நடுவே, நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களை ஒட்டியே லைன் போகும். ஏப்ரல், மே மாதக் கோடை மழையும் இடியும் காற்றும் சேர்ந்து வந்தால் கிளை கம்பியில் உரசும். கரண்ட் ஒரு நொடி போய் வரும், சில நேரம் நாள் முழுக்க வராது. சீசனில் விடுதிகளின் கீசர்கள் காலையில் ஒருசேர ஓடும்போது, ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டில் 230 வோல்ட்டை எதிர்பார்க்க முடியாது. லோ வோல்டேஜில் குண்டு பல்பு மங்கும், அதாவது குறைவாக எடுத்துக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ் நேர் எதிர். கணினி கேட்கும் 300 வாட்டை அது கொடுத்தே ஆக வேண்டும். அதற்குச் சுவரிலிருந்து சுமார் 340 வாட் இழுக்கிறது என்றால், 230 வோல்ட்டில் அது ஒன்றரை ஆம்பியர். வோல்டேஜ் 170-க்கு இறங்கினால் 2 ஆம்பியர். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால், உள்ளீட்டுப் பக்கத்து பாகங்களில் கம்பித் தடையால் வரும் சூடு ஏறக்குறைய 1.8 மடங்கு. திரையில் எந்த மாற்றமும் தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

அடுத்தது, கரண்ட் கண் சிமிட்டும் நேரத்தை எஸ்எம்பிஎஸ் எப்படிக் கடக்கிறது என்பது. உள்ளே சோடா மூடி அகலத்தில் நிற்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று சேர்த்து வைத்திருக்கும் மின்சாரம்தான் அந்த இடைவெளியில் கணினியை ஓட்டுகிறது. இன்டெல்லின் ஏடிஎக்ஸ் வழிகாட்டி முழு லோடில் 17 மில்லிசெகண்ட் தாங்கச் சொல்லியிருந்தது. 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 அதையே 80 சதவீத லோடில் 17, முழு லோடில் 12 என்று மாற்றியது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு குறுகிய அவகாசம் என்று தெரியும். கெப்பாசிட்டர் 330 மைக்ரோஃபாரட், அதில் 380 வோல்ட் நிற்கிறது, 300 வோல்ட்டுக்கு இறங்கும்வரை எஸ்எம்பிஎஸ் வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டால், 300 வாட் கொடுக்கும்போது சுமார் 27 மில்லிசெகண்ட் கிடைக்கும். அதே இடத்தில் 180 மைக்ரோஃபாரட் போட்டுக் காசு மிச்சம் பிடித்திருந்தால் 15-க்குக் கீழே. ஆக்டிவ் பிஎஃப்சி இல்லாத மலிவு மாடலில் நிலைமை இன்னும் மோசம். பிஎஃப்சி இருந்தால், உள்ளே வருவது 230 ஆனாலும் 180 ஆனாலும் கெப்பாசிட்டரில் 380-ஐ ஒட்டியே நிற்கும். இல்லாவிட்டால் சுவரில் உள்ளதன் உச்சம்தான் அதிலும்: 230-க்கு 325, 180-க்கு 255. சேமிப்பு வர்க்கக் கணக்கில் குறைவதால் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விடுகிறது. லோ வோல்டேஜ் இருக்கும் நேரத்தில்தான் கரண்ட் சிமிட்டவும் செய்யும். சேமிப்பும் அப்போதுதான் வற்றிக் கிடக்கும்.

இதையெல்லாம் கடையில் நின்றபடியே ஓரளவு பார்த்துவிடலாம். லேபிளில் உள்ளீடு 100–240 என்று இருக்கிறதா, 200–240 என்று இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஒரே பெயரில் இரண்டும் வரும். கூலர் மாஸ்டரின் எம்டபிள்யூஇ பிரான்ஸ் வி2 வரிசையில் 230 வோல்ட் பதிப்பு தனி, ஃபுல் ரேஞ்ச் பதிப்பு தனி. பெட்டியின் முகப்பைப் பார்த்து ஆர்டர் போட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. 230 வோல்ட் பதிப்பு மட்டமான சரக்கு இல்லை, கரண்ட் ஒழுங்காக வரும் ஊருக்குச் சரிதான். மலைக்கு மற்றது. பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது ஆக்டிவ் பிஎஃப்சி இல்லாத பழைய வடிவமைப்பு, கீழே வைத்துவிடலாம். 12 வோல்ட் வரிசையில் எழுதியிருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் உண்மையான பலம் தெரியும். 450 என்று பெயர் வைத்துவிட்டு அங்கே 18 ஆம்பியர் போட்டிருந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கும் பிராசஸருக்கும் 216 வாட்தான். பிறகு, மூடியைத் திறக்காமல், ஜாலி வழியே மொபைல் டார்ச் அடித்துப் பார்ப்பது. பிளக் சொருகும் இடத்தை ஒட்டி மஞ்சள் பெட்டி போன்ற ஃபில்டர் கெப்பாசிட்டர், நீல வட்டங்கள், கறுப்பு உறை மாட்டிய ஒரு வில்லை ஆகியவை இருக்க வேண்டும். அந்த வில்லைதான் எம்ஓவி, மின்வீச்சை வாங்கிக்கொள்ளும் பாகம். அவை நிற்க வேண்டிய இடத்தில் வெறும் போர்டு தெரிந்தால் விலை ஏன் குறைவு என்று விளங்கிவிடும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக்கூடத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவு வோல்டேஜ் தங்கியிருக்கலாம்.

ஸ்டெபிலைசர் வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். அது ரிலேவை மாற்றி மாற்றி வோல்டேஜை ஏற்றுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் நாம் தவிர்க்க நினைத்த அதே சிமிட்டல் வருகிறது. ஃபுல் ரேஞ்ச் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது தேவையும் இல்லை. யூபிஎஸ் விஷயம் வேறு, அது வேண்டும். ஆனால் சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாறவே 4 முதல் 10 மில்லிசெகண்ட் எடுக்கும். அந்த நேரத்தைக் கடத்துவது எஸ்எம்பிஎஸ்தான். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதன் பின்பக்க ஸ்விட்ச் 'யூபிஎஸ்' நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற நிலையில் மாறும் நேரம் பல மடங்கு. எஸ்எம்பிஎஸ் தாங்கும் என்று நம்ப முடியாது. "கோல்டு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. கோல்டு மாடல்கள் பொதுவாக நல்ல பாகங்களோடு வருகின்றன. ஆனால் 80 பிளஸ் முத்திரை திறனை அளக்கிறதே தவிர, சிமிட்டலையோ மின்வீச்சையோ சோதிப்பதில்லை. 230 வோல்ட் அளவுகோலில் பாதி லோடில் பிரான்ஸுக்கு 88, கோல்டுக்கு 92 சதவீதம். 300 வாட்டில் மிச்சம் 15 வாட். தினம் நாலு மணி நேரம் விளையாடினாலும் வருஷத்துக்கு 22 யூனிட். குளிர்ந்த ஊரில் சூடு குறைவதன் லாபமும் சொற்பம். உயரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: பாதுகாப்புத் தரங்கள் 2,000 மீட்டர் வரை கணக்கில் எடுத்தே வகுக்கப்பட்டவை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்.

எர்த் பற்றி ஒரு விநோதம் உண்டு. புது எஸ்எம்பிஎஸ் மாட்டியதும் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது, பழையதில் அப்படி இல்லையே என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. நல்ல சரக்கில்தான் அந்த நீல ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாத வீட்டில் அவை கேபினெட்டில் 115 வோல்ட் அளவுக்குக் கசிய விடும். கரண்ட் மிகச் சிறியதுதான், ஆனாலும் தெரியும். மலிவு மாடலில் ஃபில்டரே இல்லாததால் சுர்ரும் இல்லை. ஆகத் திருப்பிக் கொடுக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ் அல்ல, பார்க்க வேண்டியது எர்த் குழி. சேர்வராயன் பாறையும் மேலே படிந்த செம்பாறை மண்ணும் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் பலவீனமாகும். குழியில் தண்ணீர் ஊற்றுவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டாம். நியூட்ரல் கம்பி அறுந்தால் மட்டும் எந்த லேபிளும் காப்பாற்றாது. ஒற்றை ஃபேஸ் வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கி வரலாம். எம்ஓவி தன்னை எரித்துக்கொண்டு ஃபியூஸை ஊதும், போர்டும் கார்டும் தப்பினால் அதுவே பெரிய காரியம். பக்கத்தில் இடி விழும்போது அதுவும் நிச்சயமில்லை. மேகம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்க வேண்டும், ஸ்விட்சை அணைத்தால் போதாது. இன்டர்நெட் இன்னும் செம்புக் கம்பியில் வரும் வீடாக இருந்தால் லேன் கேபிளையும் சேர்த்து.