முள்ளுடல் நண்டும் கடற்பன்றியின் நிழலும்

கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், சுமார் 1,200 மீட்டர் ஆழத்து வெறுஞ்சேற்றில் காணப்படும் நியோலித்தோடெஸ் டயோமெடியே என்னும் நண்டு, ஓட்டிலும் கால்களிலும் ஊசி முட்கள் அடர்ந்து நிற்க, தீண்ட வருவதை எச்சரிக்கும் செந்நிற உருவமாகத் தோன்றுகிறது. 1895இல் ஜேம்ஸ் பெனடிக்ட் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய இந்நண்டு, வெற்றுச் சங்குக்குள் உடலை நுழைத்து வாழும் துறவி நண்டுகளின் வழிவந்த அரச நண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெண் நண்டின் வயிற்று மடல் ஒருபுறமாகக் கோணியிருப்பதும், கடைசி இணைக் கால்கள் சிறுத்து ஓட்டுக்கடியில் மறைந்து செவுள்களைத் துடைப்பதும் அவ்வுறவின் தடயங்களே.

ஆனால் இந்த முட்கோட்டையின் இளமைதான் நெஞ்சைத் தொடுகிறது. ஒளிய ஒரு கல்கூட இல்லாத அச்சமவெளியில், கடற்பன்றி எனப்படும் பருத்த, மென்மையான கடல் அட்டையின் அடிவயிற்றைப் பற்றிக்கொண்டு இளநண்டுகள் வாழ்கின்றன. 2016இல் வெளியான ஆய்வில், அங்குக் காணப்பட்ட இளநண்டுகளில் ஏறக்குறைய 96 விழுக்காடு இவ்வாறே ஒட்டியிருந்தன. சேற்றைத் தின்றபடி குழாய்க்கால்களால் மெல்ல ஊரும் அட்டையின் அடியில், அதன் தோலைப் பற்றியபடி தலைகீழாகத் தொங்கி, விரல்நுனியளவுக் குஞ்சு நண்டும் உடன் செல்கிறது.