விருத்தாசலத்திலிருந்து ஏற்காடு: மலையேற்றத்தை ரசிப்பது எப்படி?

விருத்தாசலத்திலிருந்து வார இறுதியில் போய்த் திரும்பத் தோதான மலைவாசத்தலம் ஏற்காடு. சேலம் மாவட்டச் சேர்வராயன் மலையில் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேப்பூர், சின்னசேலம், ஆத்தூர், சேலம் என்று போனால் நடுவில் டிபனுக்கு நிறுத்தியும் நாலைந்து மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். நண்பர்கள் ஐந்து பேர், ஒரு கார், ஓர் இரவுத் தங்கல் போதும். ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் செல்ஃபி, சாப்பாடு, தூக்கம் என்று பயணத்தை முடித்துக்கொள்கிறவர்களே அதிகம். அவர்கள் வழியில் விட்டுவிடுவதுதான் பெரும் பங்கு. தரையிலிருந்து ஏற ஏற மண்ணும் மரமும் காற்றும் மாறுகின்றன. அந்த மாற்றத்தைப் பின்தொடர்வதே இந்தப் பயணத்தின் ரசனை. பீங்கான் தொழிலில் வளர்ந்த விருத்தாசலத்துக்காரர்களுக்கு, நெய்வேலிக் களிமண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தே குணம் சொல்கிறவர்களுக்கு, அந்தக் கண் பாதி பழகியே இருக்கும்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்புவது நல்லது. வேப்பூர் தாண்டும்வரை மக்காச்சோளமும் பருத்தியும்தான். அதுவரை தூங்கினாலும் நஷ்டமில்லை. சின்னசேலத்தை நெருங்கும்போது எல்லோரும் விழித்திருக்க வேண்டும். வலப்பக்கம் நீலமாகத் தெரிய ஆரம்பிப்பது கல்வராயன் மலை. விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயிலை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு அங்கேதான் பிறக்கிறது. ஆற்றில் மணலை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் அதன் தலைமாட்டைப் பார்க்கும் இடம் இது. ஆத்தூரை நெருங்க, இடப்பக்கம் பச்சைமலையும் சேர்ந்துகொள்ளும். இரண்டு மலைகளுக்கு நடுவே அகலமான பள்ளத்தாக்கில் சாலையும் சேலம் ரயில் பாதையும் போகின்றன.

தலைவாசல் முதல் வாழப்பாடி வரை மரவள்ளிக் கிழங்கு பூமி. கிழங்குக் காலத்தில் சேகோ ஆலைகளின் களங்களில் ஜவ்வரிசியும் மாவும் வெயிலில் காயும். புளித்த வாடை முதலில் வரும், வெள்ளைக் களம் அப்புறம் தெரியும். பெத்தநாயக்கன்பாளையத்துக்கு அருகே புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-இல் குடமுழுக்கு கண்ட 146 அடி முருகன் சிலை சாலையிலிருந்தே தெரியும். இறங்கிக் கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் விருப்பம். ஆனால் அங்கே ஒரு மணி நேரம் போனால் மலைப்பாதையில் உச்சி வெயிலில்தான் ஏற வேண்டியிருக்கும்.

சேலத்தில் ஊருக்குள் நிற்காமல் அடிவாரத்துக்குப் போய்விடலாம். நின்று பார்க்க வேண்டியது சேலத்தின் வடமேற்கு ஓரத்து வெள்ளைக் குன்றுகள். சுண்ணாம்புக் கரடு என்று பெயர், ஆனால் அது சுண்ணாம்பு அல்ல, மேக்னசைட். கருத்த பாறையின் வெடிப்புகளில் வெள்ளை நரம்புகளாக ஓடும் கனிமம் இது. இதைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மக்னீசியா மிஞ்சும். மக்னீசியா உருக 2,800 டிகிரி வெப்பம் வேண்டும். அதனால்தான் எஃகு உலைகளின் உட்சுவருக்கு இதில் செங்கல் செய்கிறார்கள். பீங்கானை 1,200, 1,300 டிகிரியில் சுட்டெடுக்கும் ஊரிலிருந்து வருகிறவருக்கு, அதைப்போல இரண்டு மடங்கு சூட்டையும் தாங்கும் மண் இதோ கிடக்கிறது என்பதே ஒரு சிலிர்ப்பு. பெரும்பாலான கார்கள் இதைக் கவனிக்காமலே கடந்துபோகின்றன.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத் தொடங்குமுன் செய்ய வேண்டியது மூன்றே காரியம்: ஏசியை அணைப்பது, கண்ணாடியை இறக்குவது, பாட்டை நிறுத்துவது. மூன்றாவதற்குத்தான் எப்போதும் சண்டை வரும். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் 1,200 மீட்டருக்கு மேல். அப்படியானால் ஏழெட்டு டிகிரி. அது ஒரேயடியாக வருவதில்லை. முதல் வளைவுகளில் அனல், நடுவில் ஒரு திருப்பத்தில் நிழலோடு சேர்ந்து ஒரு குளிர்ச்சி, மறுபடி வெயில், அப்புறம் குளிர் நிலைத்துவிடும். பின்சீட்டில் கிடக்கும் சிப்ஸ் பாக்கெட்டைக் கவனித்தால் இன்னொன்றும் புரியும். விருத்தாசலம் கடையில் வாங்கியபோது தொளதொளவென்று இருந்த பாக்கெட், பத்தாவது வளைவுக்குமேல் உப்பி விறைத்து நிற்கும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. காது அடைப்பதும் அதே காரணத்தால்தான். எச்சில் விழுங்கினால் சரியாகும்.

தாவரங்களும் அடுக்கடுக்காக மாறும். கீழே முட்புதர், அதற்குமேல் மூங்கில், மேலே சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம் காபிச் செடிக்கு நிழல் தருகிறது, மிளகுக் கொடிக்குக் கொம்பாகவும் நிற்கிறது. இம்மலையில் காபியைப் பரப்பியவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். பயண மாதத்தைக் காபியை வைத்தே முடிவு செய்யலாம். மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று விழுந்த சில நாட்களில் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ. மல்லிகையை நினைவூட்டும் வாசனை இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். மழைக்காலம் முடிந்தபின் சிவந்த பழம். மே மாதம் கோடை விழாவுக்காக வருகிறவர்கள் இரண்டையும் தவறவிட்டு, கூட்டத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள்.

மேலே போனபின் இடங்களை நேரம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். பகோடா பாயிண்ட் கிழக்கு விளிம்பில் இருப்பதால் விடியலுக்கு. லேடீஸ் சீட் மாலைக்கு: வந்த மலைப்பாதை காலடியில் நெளிந்து கிடக்கும், வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் நீர்ப்பரப்பும் தெரியும், இருட்டியதும் சேலத்து விளக்குகள். மூடுபனி வந்தால் ஓடிப் படமெடுக்காமல் ஓரிடத்தில் கால்மணி நேரம் நிற்பது உத்தமம். ஈரக்காற்று சரிவில் ஏறும்போது குளிர்ந்து பனியாகிறது. பள்ளத்திலிருந்து அது மேலேறி வருவது நின்று பார்ப்பவருக்கே தெரியும். கிளியூர் அருவி மழைக்குப் பிறகுதான் அருவி, கோடையில் வெறும் பாறை. ஏரியைப் பஜ்ஜி தின்றபடி ஒரு சுற்று நடந்தால் போதும். தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

உச்சியான சேர்வராயன் கோயில் 5,326 அடி. குகைக்குள் குனிந்து நுழைய வேண்டிய சந்நிதி. மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம். வெளியே வந்து பரந்த மேட்டில் காலுக்கடியில் பார்த்தால் மண் செங்கல் நிறத்தில் இருக்கும். அது பாக்சைட் கலந்த மண். நீண்ட கால மழையில் கரையக்கூடியவையெல்லாம் கரைந்துபோக, அலுமினாவும் இரும்பும் மிஞ்சிய மண் அது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இம்மலையிலிருந்து தாது போனதுண்டு. களிமண்ணில் பீங்கானுக்கு உறுதி தரும் பொருளும் அலுமினாவே.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குவது, பிரேக்கை விட்டுவிட்டு மிதிப்பது, ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது ஆகிய மூன்றும் கட்டாயம். ஞாயிறு மாலை நெரிசலைத் தவிர்க்க மதியமே கிளம்பலாம். வந்த வழியை விட்டு, கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கினால் சேலத்துக்குள் நுழையாமலே ஆத்தூர் சாலையைப் பிடிக்கலாம். இந்தப் பாதையில் தோட்டங்கள் அதிகம், வாகனங்கள் குறைவு. ஓட்டியவருக்கு இரண்டு நாளும் வேடிக்கை பார்க்க வாய்ப்பில்லை என்பதால் ஆத்தூரில் ஆளை மாற்றிக்கொள்வது நியாயம். சின்னசேலத்துக்குப் பிறகு, கரும்பு வெட்டும் காலத்தில் பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள் வரும். இருட்டுமுன் வேப்பூரைத் தாண்டிவிடும்படி நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.